துண்டுக்குள் சொன்ன வலி

கோயமுத்தூரில் ஒருவருக்குத் தொண்டை வலிக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது தொண்ணூற்றைந்தாம் வருடம்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது நான் ஹவுஸ் சர்ஜன். டாக்டர் படிப்பு முடிந்து, பட்டம் கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு வருடம் வார்டு வார்டாக ஓடுகிற உத்தியோகம் அது. யார் கூப்பிட்டாலும் போக வேண்டும். யார் திட்டினாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்னைக் கூப்பிட்டவர் கிருபா அக்கா. மயக்க மருந்துத் துறையில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் சோமனூர்தான் ஊர். தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்ததால் எங்கள் இருவருக்கும் மெதுவாகப் பேச வராது. அவர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று "ரூபா!" என்றால் மாடி வார்டில் இருக்கும் எனக்குக் கேட்டுவிடும். என் பெயரைச் சுருக்கிப் பெண்பிள்ளைப் பெயர் ஆக்கியவரும் அவர்தான்.

"ஒரு வேலை இருக்குது, செய்வியா?"

"சொல்லுங்கக்கா."

"ஆபரேஷன் முடிஞ்சவங்ககிட்டப் போயி, தொண்டை வலிக்குதுங்களான்னு கேட்டு எழுதிட்டு வரோணும். வேற ஒண்ணுமில்ல."

"இதென்ன பெரிய வேலைங்கக்கா," என்றேன். அந்த வார்த்தையை அவர் பிறகு பல தடவை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

விஷயத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்து கொடுத்தால் நோயாளியின் மூச்சை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, குரல்வளையைத் தாண்டி, மூச்சுக்குழாய்க்குள் நிறுத்துவார்கள். ஆபரேஷன் முடிந்ததும் உருவிவிடுவார்கள். விழித்தெழுந்தவருக்குத் தொண்டை கரகரக்கும். சிலருக்கு எச்சில் விழுங்கவே வலிக்கும். அந்த வருடம் எங்கள் மருத்துவமனைக்குப் பம்பாயிலிருந்து புதுச் சாமான் ஒன்று வந்து சேர்ந்தது. லாரிஞ்சியல் மாஸ்க் என்று பெயர். அதுவும் குழாய்தான், ஆனால் நுனியில் குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு ஒரு ரப்பர் மெத்தை இருக்கும். காற்று அடித்தால் உப்பும். குரல்வளைக்குள் நுழையாது. வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி, மேலேயே உட்கார்ந்துகொண்டு மூச்சை உள்ளே அனுப்பும்.

புதுச் சாமானில் தொண்டை வலி குறையுமா? இதுதான் கிருபா அக்காவின் ஆராய்ச்சி. கை கால் எலும்பு முறிவு, கொழுப்புக் கட்டி மாதிரியான ஆபரேஷன்களுக்கு வருகிறவர்களிடம் சம்மதம் வாங்கி, பாதிப் பேருக்குப் பழைய குழாய், பாதிப் பேருக்கு மாஸ்க் வைக்க வேண்டும். யாருக்கு எது என்பதை, தியேட்டரில் ஒட்டிய கவரைப் பிரித்த பிறகுதான் அவரே தெரிந்துகொள்வார். வலியைக் கேட்கிற ஆளுக்கு எது வைத்தார்கள் என்று தெரியவே கூடாது. தெரிந்தால் கேட்கும்போதே மனசு ஒரு பக்கம் சாயும். அதனால்தான் தியேட்டருக்குள் வராத என்னைப் பிடித்தார். பதில் நான்கு வகை: வலி இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை.

முதல் நாள் நான் போனது ஒண்டிப்புதூர் பக்கத்து மில் தொழிலாளி ஒருவரிடம். முந்தின நாள் கணீரென்று பேசியவரின் குரல், தேங்காய் மட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி வந்தது.

"தொண்டை வலிக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்க புண்ணியத்துல நெம்பச் சொகமா இருக்கேனுங்க."

"குரல் மாறியிருக்குதுங்களே?"

"இது எம்பட கொரலே இப்புடித்தானுங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுக்கொண்டே எச்சில் விழுங்கினார். விழுங்கும்போது கண் இரண்டும் இறுக மூடித் திறந்தன. ஆனால் நான் எழுத வேண்டியது அவர் சொன்னதைத்தான். 'வலி இல்லை' என்று எழுதினேன்.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். பெண்கள் வார்டில் பொற்கொடி என்று ஒரு தறிக்காரப் பெண், கையில் கட்டி எடுத்திருந்தவர், திரைக்குப் பின்னால் உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்புளித்துக்கொண்டிருந்தார். வார்டு முழுக்கக் கேட்டது.

"ஏனுங்கக்கா, தொண்டை வலிக்குதுங்களா?"

உள்ளே சத்தம் நின்றது. "இல்லீங்களே! வாய் கொப்புளிச்சேனுங்க, பல்லுக்கு."

"பல்லுல என்னங்க?"

"பல்லுலயும் ஒண்ணுமில்லீங்க. அந்த டாக்டரம்மா தங்கமாட்டப் பாத்துக்கிட்டாங்க. அவங்களப் போயி ஒரு கொறை சொல்லுவனுங்களா?"

சொல்ல மாட்டார்கள். அதுதான் சங்கதி. 'தொண்டை வலிக்கிறது' என்றால் அவர்களைப் பொறுத்தவரை அது வலியைப் பற்றிய பேச்சு இல்லை. அந்த அம்மாவின் கைவேலையைப் பற்றிய பேச்சு. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் சாப்பாட்டில் உப்புக் குறை என்று சொல்கிற மாதிரி. எங்கள் ஊர்க்காரர் யாருக்கு அந்த மனசு வரும்?

பாதி ஆட்கள் முடிந்ததும் கிருபா அக்காவின் கைடு, டாக்டர் சென்னகேசவன், எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார். துறைத் தலைவர். பேச்சில் அம்மணி, கண்ணு எல்லாம் வரும். திருத்திக் கொடுக்கிற பக்கத்தில் மட்டும் சிவப்பு மையைத் தவிர எதுவும் மிஞ்சாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வலி இல்லை, வலி இல்லை, வலி இல்லை... ஏன் அம்மணி, ஒலகத்துல எல்லா ஊர்லயும் கொழாய் விட்டா தொண்டை வலிக்குது. நம்மூர்ல மட்டும் வலிக்கறதில்ல. சிறுவாணித் தண்ணி குடிச்சா தொண்டை வலியே வராதுன்னு எழுதி அனுப்பிச்சரலாமா?"

"சார், அவங்க சொல்ல மாட்டேங்கறாங்க சார்."

"சொல்ல வைக்கறதுதான் ஆராய்ச்சி. அடுத்த மாசம் ஆராய்ச்சிக் கமிட்டி கூடுது. நெசமான பதில் வாங்கற வழி ஒண்ணைக் காமி. இல்லீன்னா இந்தத் தலைப்பை மூடிப்போட்டு வேற தலைப்பு எடுத்துக்கோ. பரீச்சை ஆறு மாசம் தள்ளிப் போகும். போயிட்டுப் போகுது, என்ன இப்ப?"

அவருக்குப் போயிட்டுப் போகும். கிருபா அக்காவுக்கு அப்படியில்லை. வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றார். எப்போதும் மாடி வரைக்கும் கேட்கிற குரல், அன்றைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆறு மாசம் போனாக்கூடப் போகுது ரூபா. இந்த மாஸ்க் நல்லதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். தியேட்டர்ல முழிக்கறப்பவே மொகத்துல தெரியுது. ஆனா அத்தனை பேரும் பொய் சொல்றாங்க. அதுவும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுச் சொல்றாங்க. அவங்களை என்ன பண்றது?"

நாங்கள் என்னென்னவோ பண்ணிப் பார்த்தோம். முதலில் அக்கா ஒரு அட்டையில் நான்கு முகங்கள் வரைந்தார். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். வாயால் சொல்லத் தயங்குகிறவர்கள் டிக் போட்டால் போதும். எல்லோரும் சிரித்த முகத்துக்கு டிக் போட்டார்கள். ஒரு அம்மா அதற்குப் பொட்டும் வைத்துக் கொடுத்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், டிக் போட்டுக் கீழே 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அடுத்து, டாக்டரைக் கண்டுதான் பயப்படுகிறார்களோ என்று, வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கட்டம் போட்ட சட்டையில் போனேன். கட்டிலில் இருந்த பெரியவர் என்னை உட்கார வைத்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

"டாக்டரு தம்பி, இந்தச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க."

"சரிங்க. தொண்டை?"

"தொண்டையும் நல்லா இருக்குதுங்க."

இப்படி இருக்கும்போதுதான் கண்ணையா வந்து சேர்ந்தார்.

தொண்டாமுத்தூர் பக்கம். மாட்டுத் தரகர். புளியம்பட்டிச் சந்தையில் ஒரு காளை உதைத்து, இடது கையில் எலும்பு முறிந்து, பிளேட் வைப்பதற்காக வந்திருந்தார். கூட அவர் மனைவி பங்காரம்மா. கண்ணையா வந்த அரை நாளில் வார்டே சந்தையாகிவிட்டது. எந்தக் கட்டிலில் இருப்பவர் வீட்டில் எத்தனை உருப்படி மாடு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துபோனது.

"உங்களை ஒதைச்ச மாடு என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன்.

"அது நல்ல மாடுங்க தம்பி. நாந்தான் பின்னால நின்னுபோட்டேன்."

"பாத்துக்குங்க," என்றார் பங்காரம்மா. "ஒதைச்ச மாட்டுக்கும் ஒரு கொறை சொல்ல மாட்டாரு. என் ரசத்துக்கு மட்டும் சொல்லுவாரு."

அடுத்த நாள் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. சாயங்காலம் நான் போனபோது வார்டில் சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்திருந்தார். கிருபா அக்காவும் சற்றுத் தள்ளி இன்னொரு கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணையா கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு சிவப்புக் கரைத் துண்டு.

"தொண்டை எப்படி இருக்குதுங்க?"

"சொர்க்கமாட்ட இருக்குதுங்க." முந்தின நாள் வார்டையே ஆண்ட குரல் இது என்று யாரும் நம்ப மாட்டார்கள். எண்ணெய் போடாத கதவு போல் கிறீச்சிட்டது.

"வலி இல்லீங்களா?"

"இல்லீங்க." கண்ணை மட்டும் கிருபா அக்கா இருந்த பக்கம் ஓட்டிவிட்டுத் திருப்பினார்.

எனக்கு அன்றைக்கு என்னவோ விட மனசில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூன்றாவது தடவையும் கேட்டேன். "நெசமாச் சொல்லுங்க. எனக்கு நெசந்தான் வேணும்."

கண்ணையா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, என் வலது கையின் மேல் போட்டார். துண்டுக்கடியில் அவர் கை நுழைந்து என் விரல்களைப் பிடித்தது.

நான் பதறிக் கையை இழுத்துக்கொண்டேன். "அய்யய்யோ, அதெல்லாம் வேண்டாங்க! நாங்க வாங்கறதில்லீங்க!"

பங்காரம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணையாவும் சிரிக்கப் பார்த்து, தொண்டை பிடித்துக்கொள்ள, முகத்தைச் சுளித்தார்.

"காசு குடுக்கலீங்க தம்பி," என்றார் பங்காரம்மா. "அவரு வெலை சொல்றாருங்க. சந்தையில பாத்ததில்லீங்களா?"

பார்த்திருக்கிறேன். சந்தை நாளில் பஸ் ஜன்னல் வழியாக. இரண்டு பேர் கைகுலுக்குகிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். உள்ளே விரல்கள் விலை பேசும். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"கையைக் குடுங்க," என்று கிறீச்சிட்டார் கண்ணையா. கொடுத்தேன். துண்டுக்குள் அவர் என் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினார். முகம் மட்டும் பழையபடி சொர்க்கத்தில் இருந்தது.

"மூணுங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

"வாயில சொல்லக் கூடாதுங்க!"

"எதுக்குங்க இப்படி?"

அவர் குரலைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஒருத்தரு ஆசையா மாட்டை ஓட்டிட்டு வந்து நிக்கறாருங்க. எல்லார்த்துக்கும் முன்னால, உம்பட மாடு இவ்வளவுதான் பெறும்னு சொன்னா அவரு மொகம் சுண்டிப் போயிருமுங்க. சொல்லாம இருந்தா யாவாரம் ஆகாதுங்க. துண்டுக்குள்ள சொல்லிப்போட்டா வெலைக்கு வெலையும் ஆச்சு, மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு. அந்த அம்மணி அங்க நிக்கறாங்க. நல்ல புள்ள. அவங்க காதுல உழுகற மாதிரி நான் எப்புடிங்க சொல்லுவேன்?"

"மொதல்லயே துண்டைப் போட்டிருக்கலாமில்லீங்க?"

"மொத தடவை கேட்டது மரியாதைக்குங்க. ரெண்டாந் தடவை உங்க வேலைக்குங்க. மூணாந் தடவை கேக்கறப்பத்தான், சரி, இவரு நெசமாவே வெலை கேக்கறாருன்னு தெரிஞ்சுது."

நான் எழுந்து அக்கா நின்ற கட்டிலுக்கு ஓடி, அவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். கிருபா அக்காவைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"மூணு விரலா? நம்மகிட்ட இருக்கறதும் மூணுதானே! ஒரு விரல் கொஞ்சம், ரெண்டு நடுத்தரம், மூணு கடுமை. வலியே இல்லீன்னா வெறும் முஷ்டி." அவர் குரல் மாடிக்கு ஏறிவிட்டது. "ரூபா, இது அப்படியே பொருந்துது!"

சந்தோஷத்தோடு கண்ணையாவிடம் திரும்பி வந்து, "மூணுன்னு எழுதிக்கறேனுங்க, ரொம்ப நன்றிங்க," என்றேன்.

அவருக்கு முகம் வாடிவிட்டது. "அவ்வளவுதானுங்களா?"

"வேற என்னங்க?"

"பேரம் பேசலீங்களா? நான் மூணும்பேன், நீங்க ஒண்ணும்பீங்க, ரெண்டுல முடிச்சுக்கலாம்னு இருந்தேனுங்க. சொன்ன வெலைக்கு அப்படியே எடுத்துக்கிட்டா எப்புடிங்க?"

"அப்ப நெசமா எவ்வளவுங்க?"

அவர் துண்டைப் போட்டார். இரண்டு விரல்.

இது ஒரு பெரிய ஓட்டை. ஆராய்ச்சியில் பேரம் நுழைந்தால் எதையும் நம்ப முடியாது. அன்று கேன்டீனில் டீயை ஆறவிட்டுக்கொண்டு இதையே பேசினோம். கடைசியில் அக்காதான் காந்திபுரத்து ஜவுளிக்கடைகளை நினைத்துக்கொண்டார். கல்லாவுக்கு மேலே பலகை தொங்கும்: ஒரே விலை. அங்கே போனால் எங்கள் ஊர்க்காரர்களும் பேரம் பேசுவதில்லை. பலகையைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள். துண்டைப் போடுவதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம்: "இது ஒரே வெலைங்க. பேரம் இல்லீங்க. உள்ளது எதுவோ அதை மட்டும் அமுத்துங்க."

இனி டாக்டர் சென்னகேசவனைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவருடைய அறையில் கிருபா அக்கா எல்லாவற்றையும் சொன்னார். சார் கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

"கமிட்டியில என்னன்னு சொல்லட்டும் அம்மணி? மாட்டுச் சந்தை முறைப்படி வலி அளந்தோம்னா? சிரிப்பாங்க."

"சிரிச்சாப் பரவால்லீங்க சார். சொல்றது நெசமா இருக்குதான்னு பாத்துரலாம். ஒரே ஆளை, வாயால ஒருத்தர் கேக்கட்டும், துண்டால இன்னொருத்தர் கேக்கட்டும். ரெண்டுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

"வாயால சொல்லாதவங்க துண்டுல மட்டும் எப்படிம்மா சொல்லுவாங்க? அதே ஆள், அதே கேள்விதானே?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். சாருடைய மேஜை மேல் கை துடைக்க வைத்திருந்த வெள்ளைத் துண்டைக் காட்டினார். "நீங்களே எங்கிட்ட ஏதாச்சும் கேட்டுப் பாருங்க சார். வாயால ஒருக்கா, துண்டுல ஒருக்கா."

சாருக்கு வேடிக்கையாக இருந்தது. சரி என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் உனக்குக் கைடா இருக்கறது எப்படி இருக்குது? வலிக்குதா?"

"நீங்க கைடாக் கெடைச்சது என் பாக்கியமுங்க சார்," என்றார் அக்கா. நூற்றுக்கு நூறு எங்கள் ஊர்க் குரல்.

சார் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கையை மேஜை மேல் வைத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டார். அக்கா துண்டுக்கடியில் கையை விட்டார்.

"மூணாம்மா!" என்றார் சார்.

"துண்டுக்குள்ள நடந்ததை வெளிய சொல்லக் கூடாதுங்க சார்."

நான் ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. சார் சிரித்தார். முதலில் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிற அளவுக்கு. சிரித்து முடித்து, "பழைய பதில் ஒண்ணுகூட எனக்கு வேண்டாம். மறுபடி மொதல்லருந்து ஆரம்பி. கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன்," என்றார். நாங்கள் கதவுப் பக்கம் போனதும், "மூணா!" என்று இன்னொரு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கமிட்டியில் சிரித்தார்கள்தான். ஆனால் வாய்ப் பதிலையும் துண்டுப் பதிலையும் ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கொடுத்தார்கள். பார்த்ததும் சிரிப்பு நின்றது. வாயால் 'ஒண்ணுமில்லீங்க' என்று சொன்ன அதே ஆட்கள், துண்டுக்குள் ஒன்றும் இரண்டும் மூன்றுமாக அமுக்கித் தள்ளியிருந்தார்கள்.

ஆண்களை நான் பார்த்துக்கொண்டேன். பெண்கள் வார்டுக்கு மெஹராஜ் சிஸ்டர். அவர் முதலில் தயங்கினார். "இது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே தம்பி. அவங்களுக்குப் பழக்கம் இருக்குமா?" என்றார். பழக்கம் தேவைப்படவில்லை. துண்டுக்குப் பதிலாக அவரவர் சேலை முந்தானையே போதுமானதாக இருந்தது. அதைவிட, மெஹராஜ் சிஸ்டர் கையைப் பிடித்ததும், தொண்டை வலியோடு நிறுத்தாமல் மாமியார் வரைக்கும் அமுத்தத் தொடங்கிவிட்டார்களாம். "மாமியாருக்கு மூணு விரல் பத்தாதுங்க சிஸ்டர்" என்று ஒருத்தி சொன்னதாக வந்து சொன்னார். அதையெல்லாம் எழுதக் கூடாது என்று கிருபா அக்கா ஒரு விதி போட வேண்டியதாயிற்று.

தையல் பிரிக்க வந்த பொற்கொடி, செய்தி கேள்விப்பட்டுத் தானாகவே சிஸ்டரைத் தேடி வந்து, முந்தானையைப் போட்டு மூன்று விரலை அழுத்தி, "அன்னிக்கு இப்புடிக் கேட்டிருக்கலாமில்லீங்க?" என்று குறைப்பட்டுக்கொண்டு போனார். அவருடைய பதிலைச் சேர்க்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து இரண்டு வார்டிலும், விரல் அமுக்கினவர்களுக்கெல்லாம் கேட்காமலேயே வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வந்தது. திரைக்குப் பின்னால் ஒளிந்து கொப்புளிக்கிற வேலை போயிற்று. காலையில் ஆண்கள் வார்டுக்குப் போனால் தவளைக் கூட்டம் மாதிரி சத்தம் கேட்கும்.

எனக்கு இதில் ஒரு கஷ்டம்தான். ஹாஸ்டலில் யார் கை கொடுத்தாலும், இவர் எத்தனை விரல் என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

கடைசி ஆளும் முடிந்த பிறகு கவர்களையும் பதில்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தோம். சார் அறை மேஜையில் அக்கா பிரித்துப் படிக்க, நான் எழுதினேன். பழைய குழாய்ப் பக்கம் விரல்கள் குவிந்தன. மாஸ்க் பக்கம் பெரும்பாலும் முஷ்டி; அங்கங்கே ஒரு விரல்; மூன்று விரல் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது யாரோ பேரம் பேசியிருக்காங்க," என்றார் அக்கா. "அதெல்லாம் சொல்லப்படாது. இருக்கறதை இருக்கறபடி எழுது," என்றார் சார். எழுதினோம். அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். விரலிடுக்கில் சிரிப்புத் தெரிந்தது; அழுகை இல்லை.

பரீச்சை குறித்த நேரத்தில் நடந்தது. தேர்வாளர் வெளியூர்க்காரர். ஆய்வேட்டில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் துண்டுப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாராம். பாஸ் என்று தெரிந்த அன்று, அக்கா "பாஸ்!" என்று கத்தியது வழக்கம்போல மாடிக்குக் கேட்டது. நான் இறங்கி ஓடினேன்.

கீழே, வெளிநோயாளிகள் பகுதியில், அக்காவுக்கு எதிரே கண்ணையா எக்ஸ்ரே கவரோடு நின்றிருந்தார். கையைப் பரிசோதிக்க வந்தவர். குரல் பழையபடி வார்டுகளை ஆளத் தயாராக இருந்தது. பக்கத்தில் பங்காரம்மா, கையில் ஒரு பை வெண்டைக்காயோடு.

"அம்மணி, உங்க மாடு நல்ல வெலைக்குப் போச்சுங்களா?" என்றார்.

"போச்சுங்க. உங்க துண்டாலதானுங்க."

"என்னமோ சாமி ரகசியத்தைக் கண்டுபிடிச்ச மாதிரிப் பேசிக்கறாங்க," என்றார் பங்காரம்மா. "முப்பது வருசமா இந்தத் துண்டைத் தொவைக்கறது நானு. எம்பேரு அந்தப் பொஸ்தகத்துல இருக்குதுங்களா?"

அப்போது டாக்டர் சென்னகேசவன் அந்தப் பக்கமாக வந்தார். அக்காவுக்கு வாழ்த்துச் சொன்னார். போகத் திரும்பியவர், கண்ணையாவின் தோளைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க, அந்தத் துண்டைக் கொஞ்சம் குடுங்க."

வாங்கித் தன் கை மேல் போட்டுக்கொண்டு அக்காவின் முன்னால் நீட்டினார். "பரீச்சையெல்லாம் முடிஞ்சுது. இனி பயமில்லை. இப்பச் சொல்லு அம்மணி. மறுபடி அதே கேள்விதான்."

"நீங்க கைடாக் கெடைச்சது என் பாக்கியமுங்க சார்," என்றார் அக்கா, கையைத் துண்டுக்குள் விட்டபடி.

சார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்து, மடித்து, கண்ணையாவின் தோளில் போட்டார்.

"பேரம் படிஞ்சுதுங்களா?" என்று கேட்டார் கண்ணையா.

"எங்கீங்க படியறது!" என்றார் சார். "ஒரே வெலைன்னுட்டாங்க."